செவுள் இல்லாத போன்

யாராவது புதுப் போனைக் காட்டினால் அந்த மீன்காரம்மா திரையைப் பார்க்க மாட்டார். கேமரா எத்தனை என்று எண்ண மாட்டார். இடது உள்ளங்கையில் போனைக் கிடத்தி, வலது கட்டைவிரலால் அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே வருவார். வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்க்கிற அதே விரல். ஊசி நுழையும் ஓட்டை தட்டுப்பட்டதும் வளையலில் தொங்கும் ஊக்கைக் கழற்றி ஒரு குத்து. குட்டித் தட்டு வெளியே வரும். அதில் சிம்முக்குப் பக்கத்திலேயே மெமரி கார்டுக்கும் ஒரு குழி இருந்தால், "நல்ல மீனு" என்பார். இல்லையென்றால் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"செவுளு இல்ல சார். இது மீனே இல்ல."

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு வெள்ளி, ஞாயிறு, புதன் வருவார். விடியலில் கோவளத்தில் மீன் எடுத்து, இரண்டு பஸ்ஸும் ஒரு ஷேர் ஆட்டோவும் மாறி, தெர்மோகோல் பெட்டியோடு எட்டு மணிக்கு எங்கள் கேட்டுக்கு வெளியே உட்காருவார். நேரில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் 'அவர்' என்று வருகிறது. அப்படி வருவதற்குக் காரணம் உண்டு.

நான் நீதிமன்ற ஊழியத்தில் இருந்து சிரஸ்தாராக ஓய்வு பெற்றவன். வழக்கில் தாக்கலாகும் ஆவணங்களை வாங்கி, மூலமா நகலா என்று சரிபார்த்து, எண் போட்டு, பூட்டி வைப்பது என் வேலையாக இருந்தது. எந்த மனுவை எந்த அளவு தாளில், எத்தனை பிரதி, எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. ஓய்வு பெற்ற பிறகு இந்த அறிவை வாங்க ஆளில்லை. என் மனைவிக்குக் காஸ் சிலிண்டர் பதிவு செய்யும் நடைமுறையை விளக்கப் போய், "எனக்குத் தெரியும், நீங்க பேப்பர் படிங்க" என்று அனுப்பப்பட்டவன். ஆகவே மீன்காரம்மா ஒருநாள், "சார், நீங்க கோர்ட்ல இருந்தவராமே?" என்று கேட்டபோது நான் நாற்காலியைக் கேட் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை.

மீன் விற்பவர் கையில் போன் நீண்ட நாள் வாழாது. ஐஸ் தண்ணீர், உப்பு, செதில். போதாக்குறைக்குக் கத்தியைக் கீழே வைக்காமலே போனை எடுக்கும் அவசரம். அவருக்கு வருடத்துக்கு ஒரு போன் செத்தது. ஆனால் கார்டு சாகவில்லை. செத்த போனிலிருந்து ஊக்கால் நெம்பி எடுத்து, முந்தானையில் துடைத்து, அடுத்த போனில் செருகிவிடுவார். தன் வாழ்க்கையையே அவர் அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார். "பொண்ணு கல்யாணம் ரெண்டாவது போன்ல நடந்துச்சு." "வூட்ட இட்ச்சது மூணாவது போன்ல." கார்டு மட்டும் ஒன்றேதான். சுண்டுவிரல் நகத்தளவு இருக்கும். அதன் முதுகில் சிவப்பு நகப் பூச்சில் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

"ஏன் பொட்டு?"

"கடைக்காரன் மாத்திட்டான்னா? அல்லாம் கறுப்பா ஒரே மாதிரி கீது. எம் புள்ளய எனக்கு அடையாளம் தெரிய வேணாமா?"

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே அலுப்பாக இருக்கும். மீன் வெட்டிக்கொண்டிருப்பார். பாதியில் நிறுத்திக் கையைக் கழுவுவார், துடைப்பார், பால் கவரில் சுற்றிய போனை எடுப்பார், ஒரு படத்தைத் திறந்து ஒரு நொடி பார்ப்பார், மூடிவிடுவார். மறுபடி கத்தி. கால் மணி கழித்து மறுபடி கை கழுவல்.

"என்னம்மா பாக்கற?"

"கீதான்னு பாத்தேன்."

இருந்தது ஒரு வீடியோ. ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகம். கடற்கரையை ஒட்டிய கால்வாய்ப் புறம்போக்கில் அவர் குடிசை இருந்தது. ஒரே கூரை, நடுவில் தட்டி. ஒரு பக்கம் கொழுந்தன் குடும்பம், மறுபக்கம் இவர். குடிசைகளை எடுத்துவிட்டுப் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு தருவதற்குக் கணக்கெடுக்க வந்த அலுவலர், இரண்டு வாசல், இரண்டு அடுப்பு என்று பார்த்துவிட்டு, கொழுந்தன் கதவில் 47 என்றும் இவர் கதவில் 47-அ என்றும் பெயின்டில் எழுதினார். "இது தனி வீடு, உன் பேர்லயே எழுதிட்டேன்மா" என்றும் சொன்னார். அதை மகள் இவர் போனில் எடுத்திருந்தாள். பிறகு குடிசை போனது, கதவு போனது, அந்த அலுவலரும் மாறிப் போனார். பட்டியல் வந்தபோது அதில் 47 இருந்தது, 47-அ இல்லை. இப்போது கொழுந்தனுக்குக் கிடைத்த ஒற்றைப் படுக்கையறை வீட்டின் கூடத்தில், ஓரமாகப் பாய் விரித்துப் படுக்கிறார். அந்த வீட்டில் ஆறு பேர். இவர் ஏழாவது.

"சொந்தக்காரங்கதான். ஒண்ணும் சொல்லல சார். பாய மட்டும் தெனிக்கும் கொஞ்சம் தள்ளி போடறாங்க. இப்போ கதவாண்ட வந்துட்டேன்."

தனக்கும் ஒரு வீடு இருந்தது என்பதற்கு உலகத்தில் மிச்சமிருந்த ஒரே சாட்சி அந்தக் கார்டு.

நான் சுறுசுறுப்பானேன். மனு எழுதினேன். பார்வை, பொருள், இணைப்பு எல்லாம் முறைப்படி. கூடவே ஒரு பாடமும் நடத்தினேன். "இதோ பாரும்மா. நகல்னா அதுக்கு ஆயிரம் கேள்வி, சான்றிதழ். மூலம்னா அதுவே பேசும். இந்தக் கார்டுதான் உனக்கு மூலம். இத எவன் கேட்டாலும் கைல குடுக்காத. நகல் எடுத்துக் குடு. நான் கேட்டாக்கூடக் குடுக்காத."

"நீங்க கேட்டாக்கூடவா?"

"நான் கேட்டாக்கூட."

அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

நான்காவது போன் செத்தபோது மகள் சிறுசேரியிலிருந்து ஒரு போன் வாங்கி வந்தாள். அங்கே ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் மேற்பார்வை வேலை அவளுக்கு. தவணையில் வாங்கியது; கண்ணாடி மாதிரி பளபளத்தது. அம்மா விளிம்பைத் தடவினார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. செவுள் இல்லை. தாயும் மகளும் எங்கள் கேட்டருகிலேயே சண்டை போட்டார்கள்.

"எல்லாம் நெட்லயே இருக்கும்மா. கூகுள்ல ஏத்திட்டா போனு தொலஞ்சாலும் படம் போவாது."

"பாஸ்வேர்டு யாருகிட்ட?"

"என்கிட்ட."

"நீ உன் புருசன் வூட்ல. பேலன்ஸ் இல்லாத அன்னிக்கி எம் படத்த நானே பாக்க முடியாதா? வேணாம்டி. கைல எடுக்க வராதது நம்பளுது இல்ல."

"உனக்குன்னு ஆசையா வாங்கினேன் பாரு, என்ன சொல்லணும்."

"நீயே வெச்சிக்க. உனக்குத்தான் அழகா கீது."

அன்று அவரோடு தாம்பரம் கடைக்கு நானும் போனேன், ரயில் டிக்கெட் ரத்து செய்யும் வேலை இருந்ததால். கடைப் பையன் அலுத்துக்கொண்டான். "இப்போ நல்ல போன்ல ஸ்லாட்டே வராது ஆன்ட்டி. கம்பெனிக்காரன் எல்லாம் எடுத்துட்டான்."

"ஸ்லாட்ட எடுத்தான் சரி. வெலய கொறச்சானா?"

பையன் யோசித்தான். "இல்ல ஆன்ட்டி. ஏத்திட்டான்."

"அப்போ எட்த்தத எனக்கு இன்னாத்துக்கு புதுசுன்னு சொல்ற?"

ஐந்து கடை ஏறி இறங்கி, மலிவான ஒரு போன் கிடைத்தது. செவுள் இருந்தது. ஆனால் வயிறு சின்னது. இரண்டே மாதத்தில் 'இடம் இல்லை' என்று முரண்டு பிடித்தது. அடுக்குமாடிப் பெண்மணிகள் வாட்ஸ்அப்பில்தான் மீன் சொல்லி வைப்பார்கள். செய்தி வரவில்லை என்றால் வியாபாரம் இல்லை. "பேஜாரா கீது சார், இன்னானு பாருங்க" என்று போனையும் கார்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

கார்டில் சிவப்புப் பொட்டு இல்லை. நான் அதைக் கவனித்தேன். ஐஸ் தண்ணீரில் அழிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஆவணம் சரிபார்ப்பதற்காகவே அரசாங்கத்திடம் சம்பளம் வாங்கியவன் நினைத்த நினைப்பு.

போனின் உதவிப் பக்கங்களை முழுவதும் படித்தேன். அப்படிப் படிக்கும் மனிதர்கள் குறைவு. படித்தவர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கார்டை அழித்துவிட்டு, போனின் உள் சேமிப்போடு ஒட்டி ஒரே இடமாக ஆக்கிக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. நடைமுறைப்படி செய்தேன். முதலில் கார்டில் இருந்ததை லேப்டாப்பில் இறக்கினேன். கார்டை அழித்தேன். போனோடு ஒட்டினேன். இறக்கியதைத் திரும்ப ஏற்றினேன். 47-அ வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தேன், ஓடியது. கடைசியாக, அடுத்தவர் ஆவணம் நம்மிடம் தங்கக் கூடாது என்ற விதிப்படி, லேப்டாப்பில் இருந்ததை நீக்கினேன். குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அத்தனை சுத்தமான வேலை.

மூன்று வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை அவர் சிரித்துக்கொண்டே வந்தார். அடுத்த வியாழன் விசாரணை என்று கடிதம் வந்திருந்தது. சிரிப்பு அதற்காக. "போனு ஐஸ் பொட்டில வுழுந்து பூட்ச்சி சார். போனா போது. கார்டு கீது. பொண்ணோட பழைய போனு ஒண்ணு வாங்கியாந்தேன், செவுளு உள்ளது. போட்டுக் குடுங்க."

போட்டேன். 'இந்தக் கார்டை இந்தச் சாதனம் ஆதரிக்கவில்லை. ஃபார்மேட் செய்ய வேண்டும்' என்றது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். அதையே சொன்னது.

அப்போதுதான், உதவிப் பக்கத்தின் கடைசி வரி ஒன்று நினைவுக்கு வந்தது. படித்த வரிதான். ஒட்டிய கார்டு அந்த ஒரு போனுக்கு மட்டுமே திறக்கும். வேறு போன் அதைப் படிக்காது. பூட்டு கார்டில். சாவி ஐஸ் பெட்டியில் விழுந்த போனில்.

"இன்னா சார்?"

"ஒண்ணுமில்ல. கொஞ்சம் நேரம் ஆகும். கார்டையும் செத்த போனையும் வெச்சிட்டுப் போ."

அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். இரண்டையும் வைத்துவிட்டு, மகளின் போனை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தபோது நான் உள்ளறையில் நின்றேன். என் மனைவி போய், "சார் வெளிய போயிருக்கார்" என்றாள்.

"செருப்ப வூட்லயே வுட்டுட்டா மா போயிருக்காரு?"

மனைவி உள்ளே வந்து, "நாப்பது வருஷமா நான் பொய் சொல்லிப் பழகல. அடுத்த தடவ நீங்களே போங்க" என்றாள். நான் விஷயத்தைச் சொன்னேன்.  அவள் கேட்டாள்: "ஏங்க, அதுல ஒரு பிரதி வெச்சுக்கணும்னு உங்களுக்குத் தோணவே இல்லையா? எனக்கு சிலிண்டர் ரசீதையே மூணு வருஷம் வெக்கச் சொன்னீங்களே."

திங்கள் தாம்பரத்தில் மூன்று கடை. செவ்வாய் ரயில் பிடித்து நகரத்துக்குள், செத்த போன்களை உயிர்ப்பிக்கும் ஒரு சந்தில். அங்கே பூதக்கண்ணாடி மாட்டியிருந்த இளைஞர் போனைத் திறந்து காட்டினார். "உப்புத் தண்ணி பூந்து போர்டே பச்சையாயிடுச்சு சார். இது எந்திரிக்காது. எந்திரிக்கலன்னா கார்டும் தெறக்காது. ஆமா, கார்ட இப்பிடிப் பூட்டினது யாரு?"

"தெரிஞ்சவர் ஒருத்தர்."

"அந்த ஆளு கைல இனிமே டார்ச் லைட்டு கூடக் குடுக்காதீங்க."

திரும்பும் ரயிலில் உட்கார இடம் இருந்தும் நின்றேன். பல்லாவரம், குரோம்பேட்டை என்று நிலையங்கள் போய்க்கொண்டிருந்தன. கூடத்திலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து வராந்தாவுக்கு என்று நகரும் ஒரு பாய் மட்டும் கண்ணில் நின்றது. அதை இன்னும் கொஞ்சம் தள்ளிப் போட்ட கை என்னுடையது.

புதன்கிழமை செருப்பை மாட்டிக்கொண்டு நானே கேட்டுக்கு வெளியே போய் நின்றேன். அவர் சங்கரா சுத்தம் செய்துகொண்டிருந்தார். சொன்னேன். ஒட்டியது, அழித்தது, பூட்டியது, லேப்டாப்பில் நீக்கியது, ஞாயிற்றுக்கிழமை உள்ளறையில் நின்றது. வாக்குமூலம் போல வரிசையாகச் சொன்னேன். அவர் நிமிரவில்லை. செதில்கள் பறந்துகொண்டிருந்தன.

"அல்லாம் போச்சா?"

"அந்தக் கார்டுல இருந்தது எல்லாம் போச்சு."

கத்தியைக் கீழே வைத்தார். கையைக் கழுவினார், துடைத்தார். இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, விபூதி வைக்கும் சின்ன பிளாஸ்டிக் டப்பாவை எடுத்துத் திறந்தார். கற்பூர வாசனை. பஞ்சுக்கு நடுவில் ஒரு கார்டு. முதுகில் சிவப்புப் பொட்டு.

குனிந்து அந்தப் பொட்டை இன்னொரு முறை பார்த்தேன். 

"மூலத்த எவனுக்கும் குடுக்காத, நான் கேட்டாக்கூட குடுக்காதன்னு நீங்கதான சார் சொன்னீங்க? நான் கேட்டுகினேன். கடையில நகலு போட்டு அத்ததான் உங்க கைல குட்த்தேன். கோச்சிக்காதீங்க."

"அப்ப ஏம்மா வெள்ளிக்கிழமையே சொல்லல?"

"உங்க மூஞ்சிய பாத்தப்பவே தெரிஞ்சிபோச்சி. நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்தேன்." மறுபடி கத்தியை எடுத்தார். "எங்க கதவுல நம்பர் போட்ட ஆபீசரும் படிச்சவருதான். பட்டியல்ல இல்லன்னு அவர தேடிப் போயி கேட்டப்போ, உன்ன பாத்ததே இல்லன்னுட்டாரு."

 சங்கராவை வாழை இலையில் போட்டு, கேட்டுக்கு வந்த என் மனைவியிடம் நீட்டிவிட்டு, போகிற போக்கில் சொல்வது போல் சொன்னார்: "அந்தப் பூட்டுன கார்டுல ஒண்ணே ஒண்ணுதான் புதுசு. நடுவுல மூணு வாரம் எட்த்தது. பேத்தி மொத மொத எழுந்து நடந்துச்சு, அத்த எட்த்து வெச்சிருந்தேன். அது நகலு இல்ல."

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்தேன்.

"போவட்டும்மா," என்றார் அவளிடம். "இப்போ ஓடிகினு கீது. புடிக்கத்தான் முடியல."

மறுநாள் விசாரணைக்கு நானும் கூடப் போனேன். அவர் அழைக்கவில்லை, வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அதிகாரி இளவயதுப் பெண். "வீடியோவை வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்கம்மா" என்றார்.

"அனுப்பறேன் மேடம். மொதல்ல இங்க பாத்துடுங்க. தேதியோட கீது." மகளின் பழைய போனில், பொட்டு வைத்த கார்டிலிருந்து ஓடவிட்டார். பெயின்ட் தூரிகை 47 எழுதி, ஒரு கோடு இழுத்து, 'அ' போட்டது. "இது தனி வீடு" என்ற குரல் அந்த அறையில் கேட்டது. அதிகாரி இரண்டு முறை பார்த்தார், தேதியைக் குறித்துக்கொண்டார்.

பக்கத்து மேசை எழுத்தர் ஒரு காக்கி உறையை நீட்டினார். "மூலக் கார்டை இதுல போடுங்க. ஃபைல்ல சேக்கணும்."

முறைப்படி அது சரி. நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். மீன்காரம்மா வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றினார், தட்டை வெளியே இழுத்தார், கொஞ்சம் முந்தானைக்குள் தடுமாறினார், பிறகு உறைக்குள் ஒரு கார்டைப் போட்டார். அது உறைக்குள் விழும்போது நான் பார்த்தேன். முதுகில் பொட்டு இல்லை.

எழுத்தர் ஒட்டி, 'மூலம்' என்று எழுதி, எண் போட்டார். நான் தொண்டையைச் செருமினேன். அவர் நிமிர்ந்து, "என்ன சார்?" என்றார்.

"ஒண்ணுமில்ல. ஃபேன் காத்து."

முப்பத்துநான்கு வருட ஊழியத்தில் செய்யாத காரியத்தை அன்று செய்தேன்: நகல் 'மூலம்' என்று பதிவாவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் கேட்டேன்: "எத்தனை கார்டும்மா வெச்சிருக்க?"

"எத்தினி பேரு கேப்பாங்கன்னு யாருக்கு சார் தெரியும்?"

ஐந்து மாதம் கழித்து ஆணை வந்தது. எட்டாவது மாடி, தனிக் கதவு. கதவில் முதல் வேலையாக 47-அ என்று தானே பெயின்டில் எழுதினாராம். அந்தக் கட்டடத்தின் எண் வேறு. அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வருவது குறைந்தது, பிறகு நின்றது. அங்கேயே கீழ்த்தளத்தில் பெட்டியை இறக்கினால் வியாபாரம் முடிந்துவிடுகிறது என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வீட்டில் இப்போது மீன் ஆப்பில் வருகிறது. செவுள் இல்லாமல், துண்டுகளாக, பாக்கெட்டில்.

பூட்டிய கார்டை நான் திருப்பிக் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. போன வருடம் எனக்குப் புதுப் போன் வாங்க வேண்டி வந்தது. கடைப் பையன் விதவிதமாக எடுத்துப் போட்டான். நான் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். "என்ன சார் தேடறீங்க?" என்றான். செவுள் உள்ளதாக ஒன்று தேடி எடுக்க அரை நாள் ஆயிற்று.

கார்டை அதில்தான் போட்டு வைத்திருக்கிறேன். போனை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் திரையின் உச்சியில் அந்த அறிவிப்பு வருகிறது: இந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யத் தொடவும். உள்ளே ஒரு குழந்தை எழுந்து நின்று, பெரும்பாக்கத்துக் கூடத்தில் ஏதோ ஒரு பாயின் ஓரத்திலிருந்து முதல் அடி எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. அறிவிப்பை ஒதுக்கித் தள்ளுவேன். கால் மணி கழித்து மறுபடி போனை எடுப்பேன்.

"என்னங்க பாக்கறீங்க?" என்பாள் என் மனைவி.

"இருக்கான்னு பாத்தேன்."